பூர்ணாகுதி ஏஜென்சியும் ஒரு டம்ளர் நண்டு ரசமும்

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகு, எல்லம்மா கேட்டது ஒரே ஒரு பொருள்தான். ஒரு டம்ளர் நண்டு ரசம்.

பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்தவள் வேறென்ன கேட்பாள். கட்டிய மனைவி கடைசியாகக் கேட்கிற பொருள்களில் இதைவிட மலிவானது உலகத்தில் இல்லை. புருஷன் சடையப்பன் பேரமே பேசாமல் தலையாட்டினான். வாங்குகிறவன் தலையாட்டும்வரை காத்திருந்து, கெட்டிக்கார வியாபாரி மாதிரி, அதற்குப் பிறகுதான் நிபந்தனையை எடுத்து வெளியே வைத்தாள்.

"ஓட்டல்ல வாங்கியாரக் கூடாது. நம்ம ஊட்டு அடுப்புல நீ வெக்கணும். கொதிக்கச் சொல்ல அந்த வாசன இங்க நான் படுத்துக்கீற எடத்துக்கு வரணும். அப்புறந்தான் குடிப்பேன்."

"நான் வெச்சா நாறும்மே."

"நாறட்டும்யா. இந்த மருந்து வாசனைக்கு அது எவ்ளோ தேவல."

சடையப்பனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில், உலை மேடையில் வேலை. இரும்பைத் தண்ணீராக்கி ஊற்றுகிறவனுக்கு ஒரு டம்ளர் ரசம் எந்த மூலைக்கு என்று நினைத்தான். எல்லம்மாவின் அண்ணன் அப்பாவு குப்பத்திலிருந்து உயிர் நண்டு கொடுத்தனுப்பினார். மிளகையும் பூண்டையும் தட்டி வைத்துக்கொண்டு சடையப்பன் கேஸ் அடுப்பைத் திருகினான்.

பெரிய பர்னர் சோம்பல் முறித்துக்கொண்டு மஞ்சளாக எழுந்தது. பாத்திரத்தின் அடியில் கரியைப் பூசியது. 'பக்' என்று அணைந்தது. சின்ன பர்னர் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. எல்லம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுவதும் அவன் கம்பெனி கேன்டீனிலேயே வயிற்றைக் கழுவியிருந்தான். அத்தனை மாதமும் அடுப்பைத் தொட ஆளில்லை. இப்போது பர்னரைக் கழற்றித் தேய்த்தான், வெயிலில் காயவைத்தான், ஓட்டைகளை ஊசியால் குத்தினான். மறுபடியும் அதே மஞ்சள், அதே 'பக்'.

பக்கத்துப் போர்ஷன் கல்பனா நண்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். எல்லம்மா உதட்டை மட்டும் நனைத்தாள்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா இது ஒன் ஊட்டு ரசம். எனக்கு வாசனயே வர்லியே."

கரண்ட் அடுப்பு வைக்கலாம் என்றால், மீட்டர் ஓடும் என்று வீட்டுக்காரர் தடை. வாசலில் கல்லை வைத்து விறகு மூட்டலாம் என்றால், சுவர் கருக்கும் என்று இன்னொரு தடை. ஆகவே சடையப்பன் முறைப்படி நடக்கத் தீர்மானித்தான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஸ்ரீ பூர்ணாகுதி கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டான். ஒரு இனிமையான பெண்குரல் எடுத்தது.

"மரியாதைக்குரிய நுகர்வோரே, உங்கள் சுடர் எங்களுக்கு முக்கியம். சுடர் மஞ்சளாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். ஆரஞ்சாக இருந்தால் இரண்டை அழுத்தவும். சுடரே இல்லையென்றால், தயவுசெய்து சுடரை உண்டாக்கிவிட்டு மீண்டும் அழைக்கவும்."

மஞ்சளாக வந்து இல்லாமல் போகிற சுடருக்கு எண் கிடையாது. அவன் ஒன்றை அழுத்தினான். மஞ்சள் மங்களகரமான நிறம் என்றாலும் பாதுகாப்பானது அல்ல என்று குரல் தெரிவித்து, அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லி விடைபெற்றது.

அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்தவள் பிரின்சி. சின்னப் பெண். முகத்தில் இன்னும் இரக்கம் மிச்சமிருந்தது.

"கனெக்‌ஷன் யார் பேர்ல சார்?"

"எங்க ஊட்டம்மா பேர்ல."

"அப்ப அவங்கதான் கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

"அவ எழுந்துக்கற நெலமையில இல்லம்மா."

"எழுந்துக்க வேணாம் சார். கண்ணச் சிமிட்டினா போதும்."

ஏஜென்சி புதிதாக ஒரு ஆப் விட்டிருந்தது. பெயருக்கு உரியவர் அதன் கேமரா முன்னால் கண் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். உயிரோடு இருப்பவர்களின் அடுப்பை மட்டுமே ஏஜென்சி பழுதுபார்க்கும்.

"நானா இருந்தா இப்பிடியே எழுதிக்குவேன் சார்," என்று பிரின்சி குரலைத் தாழ்த்தினாள். "சிஸ்டம் எடுத்துக்காது."

சிஸ்டம் என்கிற அந்தப் பெரிய மனிதரைச் சடையப்பன் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லம்மாவின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தான். வலி மருந்தின் மயக்கத்தில் அவள் கண்ணை மூடினாள். திறக்க நேரமானது. 'சிமிட்டல் மிக நீளமாக உள்ளது' என்றது ஆப். மறுபடி முயன்றார்கள். இந்தத் தடவை ஒழுங்காகச் சிமிட்டினாள். 'முகம் ஒத்துப்போகவில்லை' என்றது.

ஏஜென்சியிடம் இருந்தது கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோ. கன்னம் பூரித்து, கொண்டையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி பார்க்கும் எல்லம்மா. கட்டிலில் கிடந்தவளுக்குத் தலைமுடி இல்லை, புருவம் இல்லை, கன்னமும் இல்லை.

"இன்னா சொல்லுது?" என்றாள்.

"நெட்டு சரியில்லையாம்."

"பொய் சொல்லாத. நான் இல்லன்னு சொல்லுதா?"

சடையப்பன் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"கரெக்டாத்தான் சொல்லுது," என்று சிரித்தாள். "எனக்கே கண்ணாடியில யாரோ ஒறவுக்காரி வந்தாப்பல கீது."

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கல்பனா இரண்டு எட்டில் தன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். கண்மையால் இரண்டு புருவம் வரைந்தாள். எல்லம்மாவின் முந்தானையைத் தலையில் போட்டு, தன்னுடைய சவுரி முடியை அதற்குள் செருகி, முன்நெற்றியில் முடி தெரிகிற மாதிரி விட்டாள். கனகாம்பரம் கிடைக்காமல் சாமி படத்துக் கதம்பத்தைக் கிள்ளி வைத்தாள். கன்னத்துக்குத்தான் வழியில்லை. "வாய்ல காத்த ரொப்பிக்கோக்கா" என்றாள். எல்லம்மா வாயில் காற்றை நிரப்பிக்கொண்டு, புருஷனைத் திட்டப் போகிற மாதிரி பார்த்து, சிமிட்டினாள்.

'நல்வரவு, திருமதி எல்லம்மா' என்றது ஆப்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ ஜோடிக்கலடி," என்றாள் அவள். அந்தக் காற்றை வெளியே விட்டதிலேயே களைத்துத் தூங்கிப்போனாள். புருவத்தை யாரும் துடைக்கவில்லை.

மெக்கானிக் அன்புசெல்வன் வந்தான். காக்கிச் சட்டை, கையில் போன், தோளில் ஒரு பை. பையைத் திறக்கவில்லை. முதலில் சமையல்கட்டைப் பல கோணங்களில் படம் பிடித்தான். ஜன்னலைப் படம் பிடித்தான். ஜன்னலின் பின்னால் தெரிந்த வேப்பமரத்தையும் பிடித்தான். பிறகு சுவரைப் பார்த்து முகம் சுளித்தான்.

"அடுப்புக்கு மேல எரியக்கூடிய பொருள் மாட்டிக்கீறீங்க. பெரிய குத்தம்ணா."

அது காலண்டர். பூர்ணாகுதி ஏஜென்சி பொங்கலுக்குக் கொடுத்தது. 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று அதில் அச்சடித்திருந்தது. சடையப்பன் அதைக் கழற்றினான்.

"டியூப்பும் காலாவதி," என்றான் அன்புசெல்வன். "ரெகுலேட்டரக் கழட்டிக்கினு போவணும்."

"எதுக்கு தம்பி?"

"பாதுகாப்புக்குத்தான்ணா. நீங்க புது டியூப் வாங்கி மாட்டினதும் குடுத்துருவோம்."

"வாங்கிக்கறேன். எங்க கெடைக்கும்?"

"எங்க ஆபீஸ்லதான் வாங்கணும். வெளி டியூப் செல்லாது."

"இப்பவே வரேன்."

"இப்ப ஸ்டாக் இல்லண்ணா."

பேரம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சரக்கு இல்லாத கடைக்காரன்தான் அடுத்த கடைக்குப் போகாதே என்று அதட்டுவான். சடையப்பன் அடுப்பைக் காட்டினான். "இத ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன் தம்பி. மஞ்சளா எரிஞ்சி அணைஞ்சி போவுது."

"அடுப்பு ரெண்டாவது கட்டம்ணா. இது மொதக் கட்டம்." அடுப்பின் நெற்றியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். 'பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பயன்படுத்தத் தடை.' அதையும் படம் பிடித்துக்கொண்டான்.

அவன் போன பிறகு எல்லம்மா கேட்டாள். "வந்தவன் இன்னா பண்ணான்?"

"அடுப்புக்குப் பொட்டு வெச்சிட்டுப் போய்க்கீறான்."

"எனக்கு ஒண்ணு வெக்கச் சொல்றதுதானே," என்றாள். அப்போதும் மூக்கு சமையல்கட்டுப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

சடையப்பன் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஏஜென்சிக்கு நடையாக நடந்தான். முதலில் டியூப் வரவில்லை. டியூப் வந்தபோது மெக்கானிக் இல்லை. மெக்கானிக் ஏன் இல்லை என்றால், பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம். ஏஜென்சியின் எல்லா மெக்கானிக்குகளும் கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் மண்டபத்துக்கு வந்துருங்க சார்," என்றாள் பிரின்சி. "ஓனரப் பார்த்து நேர்ல சொல்லிருங்க. அதுவுமில்லாம உங்க மிஸஸ் பேரு லிஸ்ட்ல இருக்குது. என்னன்னு எனக்குத் தெரியாது."

மண்டபத்து மேடையில் எரிவாயுச் சிக்கனச் சமையல் போட்டி நடந்துகொண்டிருந்தது. வரிசையாக அடுப்புகள். அத்தனையிலும் நீலம். பூப்பூவாக, நாக்கு நீட்டாமல், கல்யாண வீட்டுக்கு வந்த நல்ல பிள்ளைகள் மாதிரி எரிந்தன. சடையப்பன் நாள் முழுக்க உலை நெருப்பைப் பார்க்கிறவன். அந்தச் சின்ன நீலத்தை அவன் பார்த்த பார்வையில், பக்கத்து நாற்காலிக்காரர் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

உரிமையாளர் மணவாளன் மைக்கைப் பிடித்தார். பட்டு வேட்டி, நெற்றியில் திருமண்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த வட்டாரத்திலேயே விபத்தே இல்லாத ஏஜென்சி நம்ம ஏஜென்சி. எப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணுமில்லை. புகார் வந்த அடுப்பை நாங்க உடனே நிறுத்திடறோம். எரியாத அடுப்பு வெடிக்காது. சிலர் கேக்கறாங்க, நிறுத்தின அடுப்பை எப்பத் தருவீங்கன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்கறேன். அவசரம் பெரிசா, உயிர் பெரிசா? போன வருஷம் வந்த புகார்கள்ல முக்கால்வாசி தானாகவே அடங்கிடுச்சு. நுகர்வோர் மறுபடி கூப்பிடவே இல்லை. அதுக்குப் பேர்தான் திருப்தி."

கைத்தட்டல் எழுந்தது. சமையல் போட்டிக்காரர்கள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினார்கள்.

"இந்த வருஷத்தின் மிகப் பாதுகாப்பான நுகர்வோர் யாருன்னு சிஸ்டமே தேர்ந்தெடுத்திருக்கு. மாதக்கணக்கில் ஒரே சிலிண்டரைச் சிக்கனமா வச்சிருக்கற ஒரு தாய். திருமதி எல்லம்மா."

சடையப்பனை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சால்வை போர்த்தினார்கள். எல்லம்மாவின் பெயர் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்த சான்றிதழைக் கையில் திணித்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் மைக்கில் இரண்டே வார்த்தை பேசினான்.

"அடுப்பு எரியல."

மணவாளன் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க. இதுதான் சிக்கனம். அடக்கமா எப்படிச் சொல்றார் பாருங்க." முன்னைவிடப் பெரிய கைத்தட்டல்.

மேடையை விட்டு இறங்காமல் சடையப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார். என் பொண்டாட்டி ரொம்ப நாளு இருக்க மாட்டா. ஒரு டம்ளர் ரசம் கேக்கறா. இந்த அடுப்புல ஒண்ணக் குடுங்க, ஆட்டோவுல எடுத்துக்கினு போய் வெச்சிக் குடுத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறேன்."

மணவாளன் கண்கள் உண்மையாகவே கலங்கின. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "ஐயோ பாவம். இதெல்லாம் டெமோ அடுப்புப்பா, வெளிய போகக் கூடாது. நாளைக்குக் காலையில மொதல் வேலை உன் வீடுதான். இது நான் குடுக்கற வாக்கு." அன்புசெல்வனைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் உத்தரவு போட்டார். அதற்கும் கைத்தட்டினார்கள்.

சடையப்பன் வீட்டுக்கு வந்து சான்றிதழைக் காட்டினான். எல்லம்மா புருவம் அழிந்த முகத்தால் அதைப் பார்த்தாள்.

"எதுக்குக் குடுத்தாங்க?"

"நீ அடுப்பையே தொடலியாம். அதுக்கு."

"பொம்பளைக்கு இதுக்கெல்லாம் பரிசு குடுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, கட்டிக்கினு வந்த அன்னிக்கே தொட்டிருக்க மாட்டேன்." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாள். "நாளைக்கு வரானா?"

"காலையில மொத வேல நம்ம ஊடுதான்."

"மொளகு தூக்கலாப் போடு. நாக்குல ஒண்ணுமே தெரியல."

"போடறேன்."

"ரொம்பக் கொதிக்க உட்டுடாத. நொர கட்டச் சொல்லவே எறக்கிடு."

"சரிம்மே."

"வாசன வந்தா நானே எழுந்துப்பேன். நீ எழுப்பாத."

ஏஜென்சி வாக்குத் தவறவில்லை. காலையில் அன்புசெல்வன் மற்ற எந்த வீட்டுக்கும் போகாமல் நேராக இங்கேதான் வந்தான். பையில் புது டியூப், ரெகுலேட்டர், சாமான்கள் எல்லாம் இருந்தன. வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். விடிகிற நேரத்தில் எல்லம்மாவின் மூச்சு நின்றுவிட்டிருந்தது.

முன்னறையில் அவளை வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். குப்பத்திலிருந்து பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சடையப்பன் தலைமாட்டில் இருந்தான். வந்தவர்களையெல்லாம் பார்த்த மாதிரியே அன்புசெல்வனையும் பார்த்தான்.

மெக்கானிக் செருப்பை விட்டுவிட்டு ஓரமாக நின்றான். போகவும் முடியவில்லை. கடைசியில் குனிந்து, சடையப்பனின் காதில் பேசினான்.

"அண்ணா, மன்னிச்சிக்குங்க. ஓனரே போட்ட உத்தரவு. இன்னிக்கு இந்தக் கம்ப்ளெயின்ட்ட மூடலன்னா என் வேல போயிடும். ரிப்பேர் பண்ணா நீல நெருப்ப போட்டோ எடுத்துப் போடணும். அது இன்னிக்கு முடியாது, தெரியும்."

வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். சவம் வீட்டுக்குள் இருக்கிறவரை அந்த வீட்டு அடுப்பில் நெருப்பு ஏறக் கூடாது. காபிகூட கல்பனா வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"வேற ரெண்டு பட்டன் கீதுண்ணா. 'நுகர்வோர் வீட்டில் இல்லை'ன்னு ஒண்ணு." அவன் கிடத்தியிருந்தவளைப் பார்த்தான். அதற்கு மேல் அந்தப் பட்டனைப் பற்றிப் பேசவில்லை. "இன்னொண்ணு 'நுகர்வோர் மறுத்துவிட்டார்'. அத அமுக்கிட்டுப் போயிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

சடையப்பன் நிமிர்ந்தான்.

"யாரு மறுத்தது?"

"சும்மா ஒரு பேச்சுக்குண்ணா."

"அவ எப்ப மறுத்தா? கேட்டுக்கினே இருந்தாளே தம்பி. நேத்து வரைக்கும் கேட்டாளே." குரல் உயரவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அதனாலேயே நிறுத்தினார்கள். "நாளைக்கி எவனாவது அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்து பார்ப்பான். எல்லம்மான்னு ஒருத்தி நெருப்பு வேணாம்னு சொல்லிட்டா, நாங்க போனோம், அவதான் வேணாம்னுட்டான்னு இருக்கும். அப்பிடிப் போடாத. வேற இன்னா வேணா போடு. அப்பிடிப் போடாத."

"வேற பட்டன் இல்லண்ணா."

சடையப்பன் எழுந்தான். "அப்ப ரிப்பேர் பண்ணு."

அப்பாவு குறுக்கே வந்தார். கடலில் காய்ந்த கிழட்டு உடம்பு, அழுது வீங்கிய கண். "இன்னா மாப்ள இது. பொணம் ஊட்டுக்குள்ள கீது. அடுப்பு எரியலாமா? ஜனம் இன்னா பேசும்?"

"பேசட்டும் மச்சான். அவளத் தப்பா எழுதறதுக்கு ஜனம் பேசறது தேவல."

சமையல்கட்டில் அன்புசெல்வன் சிவப்பு ஸ்டிக்கரை உரித்தான். அடுப்பைக் கவிழ்த்து, பர்னருக்குக் காற்றும் கேஸும் போகிற குழாயைக் கழற்றித் தரையில் தட்டினான். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை விழுந்தது. ஆளில்லாத மாதங்களில் ஒரு சிலந்தி உள்ளே குடித்தனம் நடத்தியிருந்தது. ஊசியை, கேஸ் பீய்ச்சுகிற ஜெட்டின் ஓட்டையில் விட்டு எடுத்தான். ஊதினான். டியூப்பை மாட்டினான். கல்பனா கொண்டுவந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பற்ற வைத்தான். நீலம் வட்டமாக உட்கார்ந்தது. அன்புசெல்வன் படம் எடுத்தான், பட்டனை அமுக்கினான், அடுப்பை அணைக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும்," என்றான் சடையப்பன்.

பாத்திரத்தை வைத்தான். நண்டு இல்லை. இருந்தது புளி, மிளகு, சீரகம், பூண்டு. நண்டு இல்லாத நண்டு ரசத்தை எப்படி வைப்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. நண்டு இருந்தாலும் அவனுக்குத் தெரியாதுதான். தட்டிப் போட்டான், கரைத்து ஊற்றினான், கலக்கினான். முன்னறையில் யாரோ ஒரு அம்மாள் "அடப்பாவி" என்றாள். அப்பாவு அவன் கையைப் பிடித்து இழுத்துவிடும் முடிவோடு உள்ளே நுழைந்தார். அந்த நேரம் பார்த்து மிளகு சூடேறி மணம் மேலே கிளம்பியது. அவர் நின்றுவிட்டார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"புளி பத்தாது மாப்ள," என்றார். "அவளுக்குத் தூக்கலா இருக்கணும்."

சடையப்பன் இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றினான். ஓரத்தில் நுரை கட்டியது. இறக்கினான். மணம் அவனுக்கு முன்னாலேயே முன்னறைக்குப் போய்விட்டிருந்தது. அவன் டம்ளரோடு வந்தபோது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்தான். அவள் எழுந்துகொள்வதற்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைக் கொடுத்தான். பிறகு கரண்டியில் துளி எடுத்தான். ஆவி பறந்தது. அவளுக்குச் சுட்டுவிடுமென்று தன் வாயருகே வைத்து, ஊதி ஊதி ஆற்றினான்.